அடுக்ககத்துப் போன்சாயும் சென்னை வெயிலும்

போன்சாய் வளர்ப்பு பற்றி ஆங்கிலத்தில் வந்த புத்தகங்களில், வெளிச்சத்தைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்: தெற்கு பார்த்த ஜன்னலே சிறந்தது. நம் ஊரில் செடி விற்பவர்களும் காணொளியில் பாடம் எடுப்பவர்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். மயிலாப்பூரில் தெற்கு பால்கனி வைத்திருக்கும் ஒருவர் அதை நம்பி ஆலங்கன்று ஒன்றை அங்கே வைத்தால், சித்திரை பிறந்து பத்து நாளில் தொடங்கி ஆவணி பிறக்கும்வரை அந்தச் செடிமேல் நேர்வெயில் படவே படாது. கோடை முழுக்க ஊரே கொளுத்தும். அவருடைய ஆல் மட்டும் நிழலில் நிற்கும்.

காரணம் எளிய கணக்கு. லண்டன் நிலநடுக்கோட்டிலிருந்து 51 பாகை வடக்கே இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரம்தான் ஏறும். தெற்கு ஜன்னல் வழியே வரும் வெயில் அறையின் உள்சுவர்வரை போய் விழும். டோக்கியோவில் அதே நாளில் 31 பாகை. சென்னை இருப்பதோ 13 பாகையில். இங்கே மார்கழி உச்சிவேளையிலும் சூரியன் 53 பாகைக்கு மேலே நிற்கும். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் அது நேர் உச்சந்தலைக்கு வருகிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அறிவியல் ஆர்வலர்கள் குச்சி நட்டுக் காட்டுவது அந்த நாள்களில்தான். இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதமும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஜூன் 21 அன்று அது உதிப்பதும் வடகிழக்கில், சாய்வதும் வடமேற்கில். அன்று வடக்குச் சுவர்தான் வெயில் சுவர்.

ஆகவே திசையை மட்டும் கேட்டுச் செடிக்கு இடம் சொல்ல முடியாது. தென்சென்னையிலும் மத்தியச் சென்னையிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, செடி நிற்கும் இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் எவ்வளவு வானம் தெரிகிறது என்பது. இந்த ஊரில் வெளிச்சம் மேலிருந்து வருகிறது. அடுக்குமாடிக் கட்டடமோ ஒவ்வொரு வீட்டின் தலைக்கு மேலும் இன்னொரு வீட்டை வைத்துவிடுகிறது. சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

பழைய மயிலாப்பூர் வீடுகளில் இந்தச் சிக்கல் இல்லை. மாட வீதிகளை ஒட்டிய தெருக்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் சில வீடுகளின் முற்றத்தைப் பார்த்தால் தெரியும். வீடு எந்தத் திசை பார்த்திருந்தாலும் நடுவில் வானம் திறந்திருக்கும். துளசி மாடத்துக்கு இடம் தேடி யாரும் சூரியனை அளக்கவில்லை. அந்த வீடு இடிபட்டு, அதே மனையில் தூண் தளத்துக்கு மேல் மூன்று நான்கு மாடி எழும்பும்போது முற்றம் போய்விடுகிறது. நான்கடி ஆழப் பால்கனி ஒன்று வருகிறது. துணி உலர்த்தும் கொடி, வாஷிங் மெஷின், ஏசியின் வெளிப்புறப் பெட்டி, புறாவலை, இரும்புக் கம்பி எல்லாம் அதற்குள்ளேதான். மிச்சமிருக்கும் இடம் செடிக்கு.

அந்த நான்கடிக்குள் எங்கே வைப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் இது. தரையிலிருந்து மேல்தளம் ஒன்பதடி, கைப்பிடிச் சுவர் மூன்றடி என்று வைத்துக்கொள்வோம். தெற்கு பால்கனியில், மார்கழி நடுப்பகலில், தரைமட்டத்தில் கைப்பிடிச் சுவரை ஒட்டிய இரண்டடி நிழல், சுவர் மறைக்கிறது. அதே இடத்தில் மூன்றடி உயர ஸ்டாண்டு போட்டால் நான்கடி ஆழம் முழுவதிலும் வெயில் விழும். பங்குனி மாதம் மார்ச் 21 வாக்கில், அதே மூன்றடி மட்டத்தில் வெயில் உள்ளே வருவது ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. வடக்கு பால்கனியில் ஜூன் நடுப்பகலில் ஒரே ஒரு அடி. இதிலிருந்து கிடைப்பது இதுதான்: எந்தத் திசைப் பால்கனியானாலும் கைப்பிடிச் சுவரின் மட்டத்துக்கு உயர்த்திய, வெளிவிளிம்பை ஒட்டிய ஒன்றரை அடிதான் போன்சாயின் இடம். தரையில் வரிசையாகத் தொட்டிகளை அடுக்கி, எதிர்ச்சுவர் ஓரமாக அழகாக வைப்பது நமக்கு வசதி; மரத்துக்கு அது நிலவறை.

சுவரின் மேலேயே தொட்டியை ஏற்றிவைத்தால் என்ன என்று கேட்கலாம். வேண்டாம். போன்சாய்த் தட்டு ஆழமில்லாதது, மரமோ மேல்பாரம் உடையது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்தில் வேரோடு சாய்த்த மரங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில். அந்தக் காற்றில் நான்காவது மாடிச் சுவர்மேல் நிற்கும் ஒரு தட்டு கீழே நடந்துபோகிறவரின் தலைக்கு வரும். சுவருக்கு உள்ளே ஸ்டாண்டு, ஸ்டாண்டோடு தட்டைச் சேர்த்துக் கட்டிய கம்பி. இதில் சமரசம் கிடையாது.

கிழக்கு பால்கனி கிடைத்தவர் கொடுத்துவைத்தவர். ஆண்டு முழுவதும் காலை வெயில் உண்டு. சாய்ந்து வருவதால் மேல்தளம் மறைக்காது. பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறிச் சுடும் நேரத்தில் தானாகவே நிழலும் விழுந்துவிடும். ஆலோ இத்தியோ காமினியோ, இதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை. மேற்கு பால்கனிக்குக் கெட்ட பெயர் உண்டு, அதில் பாதி நியாயம். மதியத்துக்குப் பிறகு வரும் வெயிலோடு, பகல் முழுக்கச் சூடேறிய சுவரின் வெக்கையும் சேர்கிறது. ஆனால் கடற்காற்று என்றொன்று இந்த ஊரில் இருக்கிறது. நண்பகலையொட்டி அது உள்ளே வந்துவிட்ட நாளில் மேற்கு பால்கனியும் தாங்கும். மேலைக்காற்று வலுத்துக் கடற்காற்றைத் தடுத்து நிறுத்தும் நாள்களில்தான் வெப்பம் நாற்பதைத் தாண்டும். தட்டின் மண் சுடும். மேற்கில் காகிதப்பூ, அடெனியம், கொடுக்காப்புளி போன்ற வெயில் தின்னும் செடிகளை வைத்துக்கொண்டால் அந்தக் கெட்ட பெயரே நல்ல பெயராகிவிடும்.

வடக்கும் தெற்குமாக இரண்டு பால்கனி உள்ள வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது; புத்தகத்தில் வராதது. தமிழ்ப் புத்தாண்டையொட்டி மரங்களை வடக்கே மாற்றுங்கள். ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போது தெற்கே கொண்டுவாருங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை இடமாற்றம். சூரியனும் அதைத்தான் செய்கிறது. தெற்கு பால்கனிக்கு ஒரு குறை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவிடும். அதனால் அதன் பொற்காலம் தை முதல் பங்குனி வரைதான்.

இதுவரை சொன்னதெல்லாம் எதிரே கட்டடம் இல்லாத பால்கனிக்கு. தியாகராய நகரில் அப்படி ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். 1920களில் மனை பிரித்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, அகலச் சாலை போட்டு உருவாக்கிய பகுதி அது. தோட்டத்தோடு கூடிய தனி வீடுகளுக்கான மனைகள் அவை. இன்று உஸ்மான் சாலைக்கு இருபுறமும் உள்ளே நுழைந்தால், ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து அடுத்த வீட்டுத் தாளிப்பின் வாசம் தெரியும் அளவுக்கு நெருக்கம். பத்தடி தள்ளி, நம் செடியைவிட இருபதடி உயரமாக எதிர்க்கட்டடம் நிற்கிறது என்று வையுங்கள். கிழக்கு பால்கனியே ஆனாலும் சூரியன் 63 பாகை ஏறிய பிறகுதான் அந்தக் கட்டடத்தின் தலையைத் தாண்டி எட்டிப்பார்க்கும். மார்ச் மாதத்தில் அது பத்தரை மணி. பதினொன்றே முக்காலுக்குள் நம் மேல்தளமே மறைத்துவிடும். வெளிவிளிம்பில் வைத்த மரத்துக்கும் கிடைப்பது ஒரு மணி நேரம், அவ்வளவுதான். இரண்டாம் மாடிக்குக் கீழே இருப்பவருக்கு அந்தப் பகுதியில் பால்கனிப் போன்சாய் என்பது பெரும்பாலும் வீண் முயற்சி. ஐந்தாம் மாடிக்காரருக்கு அதே தெருவில் பிரச்சினையே இல்லை. வீட்டு எண்ணைவிட மாடி எண் முக்கியம்.

அடையாறு வேறு கதை. காந்தி நகர், கஸ்தூர்பா நகர்ப் பக்கம் கட்டடங்களைவிட மரங்களே வெயிலை மறைக்கின்றன. தூங்குமூஞ்சியும் இயல்வாகையும் மூன்றாம் மாடிவரை கிளை பரப்பியிருக்கும். குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த நிழல் சல்லடை நிழல். வெயில் துண்டு துண்டாக நகர்ந்துகொண்டே இருக்கும். இத்திக்கும் குரங்குவெற்றிலைக்கும் அது போதும். தூங்குமூஞ்சி இலையுதிர்க்கும் சில வாரங்களில் திடீரென்று முழுவெயில் உள்ளே பாயும். அப்போது மென்மையான இலைகள் பொசுங்கக்கூடும், கவனிக்க வேண்டும். கடலை நெருங்க நெருங்க, பெசன்ட் நகரில், வெளிச்சம் தாராளம்; கூடவே உப்புக்காற்று. இலைமேல் படியும் உப்பை வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது நல்லது. கடற்கரையோடு பழகிய முன்னையும் சவுக்கும் அந்தக் காற்றுக்கு அஞ்சாதவை. தென்கிழக்காசியாவில் முன்னையைப் போன்சாயாகக் கொண்டாடுகிறார்கள். நம் கடலோரத்தில் தானாக முளைக்கும் செடியை நாம்தான் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடையாற்றைப் பேசும்போது பிரம்மஞான சபையின் ஆலமரத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஏறக்குறைய 450 வயது என்று சொல்லப்படும் அந்த மரத்தின் அடிமரம் 1989இல் சாய்ந்தது; விழுதுகள் நின்றன. ஆல் எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு அதுவே பாடம். அது பெரும்பாலும் பறவை எச்சத்திலிருந்து பனையின் மேலோ சுவர் வெடிப்பிலோ முளைத்து, மண்ணைத் தேடும் முன்பே வெளிச்சத்தைப் பிடித்துவிடுகிற சாதி. அதனால் வேருக்குக் குறைந்த மண் போதும். தலைக்கு நிறைய வானம் வேண்டும். போன்சாய்க்கு ஆல், அரசு, அத்தி, இத்தி வகை ஒத்துவருவதற்கு முதல் பாதி காரணம். வரவேற்பறையில் அவை வாடுவதற்கு இரண்டாம் பாதி காரணம். அடுக்ககத்தில் கழிவுநீர்க் குழாயின் மூட்டில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க ஆளைக் கூப்பிடும்போது அதை எனக்குக் கொடுங்கள் என்று சங்கத்தாரிடம் சொல்லிவைத்தால், ஆயிரக்கணக்கில் விலை கொடுக்காமல் நல்ல கன்று கிடைக்கும்.

வரவேற்பறைக்கு வருவோம். போன்சாயை வீட்டுக்குள் வைக்கும் பொருளாக்கியது கடைதான். ஜப்பானியர் அப்படி நினைப்பதில்லை. அவர்கள் மரங்களை ஆண்டு முழுவதும் வெளியே, வானத்தின் கீழ், மேடைகளில் வைத்து வளர்க்கிறார்கள். விருந்தினர் வரும்போதோ பருவம் மாறும்போதோ ஒன்றிரண்டு நாள் உள்ளே எடுத்துவந்து மாடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே கொண்டுபோகிறார்கள். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவின் போன்சாய் வளர்ப்பாளர்கள் சிலர் நகரத்தை விட்டு வெளியேறி, 1925இல் ஓமியாவில் போன்சாய் கிராமம் ஒன்றை அமைத்தார்கள். அங்கே குடியேறுவோருக்கு அவர்கள் வைத்த நிபந்தனைகள் சுவையானவை: வீட்டுக்குப் பத்து போன்சாயாவது இருக்க வேண்டும், வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும், இரண்டு மாடி வீடு கட்டக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையைப் படிக்கும்போது தியாகராய நகர்க்காரருக்குப் பெருமூச்சு வரும்.

நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மைசூரில் கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டத்தில் மரங்கள் திறந்த வெளியில் நிற்கின்றன. மைசூரும் ஏறக்குறைய நம் அட்சரேகைதான். அதே உச்சிச் சூரியன். இரண்டாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருப்பதால் அங்கே வெக்கை குறைவு. அந்தச் சலுகை நமக்கில்லை என்பதைப் பிறகு பார்ப்போம்.

உள்ளே வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்வார். கண்ணை நம்பக் கூடாது. இருட்டுக்கேற்பக் கண்மணி விரிந்து சமாளித்துக்கொள்கிறது. இலைக்கு அந்த வித்தை தெரியாது. வெட்டவெளியில் நடுப்பகல் வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். பால்கனியின் நல்ல நிழலில் பத்தாயிரம் இருந்தால் நல்லது. ஜன்னலிலிருந்து மூன்றடி உள்ளே வந்தால் ஓராயிரம், இரண்டாயிரம். டிவி ஸ்டாண்டின் மேல் நூறு, இருநூறு. அதாவது வெளியே இருப்பதில் ஐந்நூறில் ஒரு பங்கு, சில வீடுகளில் அதுவும் இல்லை. சாதாரணக் கண்ணாடி பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை விழுங்குகிறது. வெயில் தாங்காமல் நாம் ஒட்டும் கறுப்புத் தாள் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. துல்லியம் போதாது. ஆனால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதைக் காட்ட அது போதும்.

இருட்டில் போன்சாய் உடனே சாவதில்லை. அதுதான் ஏமாற்று. முதலில் இலை பெரிதாகும். பார்க்கச் செழிப்பாகத் தெரியும். கணுக்களுக்கு இடையே நீளம் கூடும். தளிர் எல்லாம் ஜன்னல் பக்கமே சாயும். உள்கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து, மரத்தின் வடிவம் போய், நுனியில் மட்டும் இலை நிற்கும். வெட்டிய காயம் மூடாது, அடிமரம் பருக்காது. சின்ன இலை, நெருங்கிய கிளை, தடித்த அடி என்று போன்சாயின் லட்சணங்கள் எல்லாமே வெயில் தருபவை. கத்தரியால் மட்டும் வருபவை அல்ல. கடைசியில் மரத்தைக் கொல்வது தண்ணீர். வெளிச்சம் குறைந்தால் இலை நீரை இழுப்பது குறையும், மண் உலராது, வழக்கம்போல் காலையில் ஒரு குவளை ஊற்றிக்கொண்டே இருப்போம், வேர் அழுகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றுவோம். வீட்டுக்குள் செத்துப்போன போன்சாய்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுவே என்பது என் எண்ணம்.

எந்த மரம் எந்த இடத்துக்கு? குறைந்த வெளிச்சத்தைப் பொறுப்பதில் இத்திக்கு முதலிடம். கடைகளில் கிழங்கு போன்ற வேரோடு விற்கப்படும் ஜின்செங் ஃபைகஸ் இதன் உறவுதான். தென்னாப்பிரிக்க ஜேடு செடியும் கொஞ்சம் பொறுக்கும். தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். குரங்குவெற்றிலை நம் கடலோர வறண்ட காடுகளின் சொந்தப் புதர். இயல்பிலேயே சின்ன இலை. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைத்தால் நன்றாக வரும். உலகமெங்கும் அதைச் சீனத்து மரம் என்று சொல்லி விற்கிறார்கள். கிண்டிக் காட்டிலும் அது இருக்கிறது. காமினிக்கு அரைநாள் வெயில். புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ, அடெனியம், சவுக்கு ஆகியவற்றுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் காகிதப்பூ பூக்காது, புளி இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். ஆலுக்கும் அரசுக்கும் வெயில் எவ்வளவு கொடுத்தாலும் தகும். அரசின் இலை சிறுக்க வேண்டுமானால் கொடுத்தே ஆக வேண்டும்.

ஜூனிபர் பற்றி ஒரே வார்த்தை: வாங்காதீர்கள். படங்களில் பார்க்கும் அந்த ஊசியிலை மரம் குளிர்காலத்தில் உறங்கி எழ வேண்டியது. தை மாத விடியற்காலையில்கூட 20 பாகையை ஒட்டி நிற்கும் ஊரில் அதற்குத் தூக்கமே கிடையாது. பச்சை மாறாமலே செத்து, செத்தது சில வாரம் கழித்துத் தெரியவரும் மரம் அது. ஊசியிலைத் தோற்றம்தான் வேண்டும் என்றால் சவுக்கு இருக்கிறது. மும்பையின் நிகுஞ்ச் – ஜோதி பாரேக் தம்பதி போன்றவர்கள் வெப்பமண்டல மரங்களிலேயே போன்சாயைச் செய்து காட்டிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. நாம் இன்னும் ஜப்பான் படத்தைப் பார்த்து மரம் வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வாங்கிவந்த உடன் இலை கொட்டுகிறதே என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். சென்னைக்கு வரும் செடிகளில் கணிசமானவை ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்தும் புறநகர்த் தோட்டங்களிலிருந்தும் வருகின்றன. அங்கே நிறைய வெளிச்சத்தில் வளர்ந்த இலை, நம் வீட்டு இருட்டில் செலவுக்குக்கூடச் சம்பாதிக்காது. மரம் அதை உதிர்த்துவிடுகிறது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் புது இலை வரும். அதற்காக நிழலிலிருந்து எடுத்து நேரே உச்சிவெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். இரண்டு வாரம் படிப்படியாகப் பழக்க வேண்டும். ஒரு வாரம் வீட்டுக்குள், மூன்று வாரம் மாடியில் என்று சுழற்சிமுறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மரம் ஒரு விலை கொடுக்கிறது. நவராத்திரிக் கொலுவுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ இரண்டு மூன்று நாள் உள்ளே வைக்கலாம். அத்தோடு சரி.

மொட்டை மாடிதான் எல்லாவற்றுக்கும் விடை என்று தோன்றும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை ஆம். ஆனால் மாடி தனிச்சொத்தில்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, மாடித் தளத்தைப் பொதுப் பகுதிகளில் ஒன்றாகவே சொல்கிறது. சங்கத்தின் சம்மதம் வேண்டும். மேல்மாடி வீட்டுக்காரரின் நல்லெண்ணம் அதைவிட வேண்டும். அவர் கூரையில் ஈரம் தெரிந்த மறுநாள் முதல் குற்றவாளி உங்கள் தொட்டிதான், குழாய் எங்கே கசிந்திருந்தாலும். தொட்டிகளைத் தளத்தில் வைக்காமல் இரும்பு ஸ்டாண்டில் இரண்டடி தூக்கி வைத்தால் அந்தச் சண்டையும் குறையும், மரமும் பிழைக்கும். ஓடு பதித்த தளம் வைகாசியில் வெறுங்காலை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. மூன்று அங்குல ஆழத் தட்டில் இருக்கும் வேருக்கு அந்தக் கொதிப்பு நேரே ஏறும்.

கத்திரி வெயிலை, அதாவது மே 4 முதல் 28 வரையிலான நாள்களை, மைசூர்த் தோட்டம் அறியாது. 2003 மே 31 அன்று சென்னையில் வெயில் 45 பாகையைத் தொட்டது. சித்திரை பிறந்தது முதல் ஆனி பிறக்கும்வரை மாடியில் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுவது நல்லது. பாதி வெளிச்சம் என்றால் ஐம்பதாயிரம் லக்ஸ்; எந்த மரத்துக்கும் அது தாராளம். கறுப்பு பிளாஸ்டிக் தட்டைத் தவிர்த்து மண் தட்டையோ வெளிர்நிறத் தட்டையோ பயன்படுத்தலாம். தண்ணீர் விடியற்காலையும் மாலையும். ஏசியின் வெளிப்புறப் பெட்டி ஊதும் வெப்பக்காற்று பால்கனியில் எங்கே படுகிறது என்று கையை நீட்டிப் பாருங்கள். வெயில் நன்றாக வரும் மூலையாக இருந்தாலும் அந்தக் காற்று படும் இடத்தில் மரம் வைக்கக் கூடாது.

மழைக்காலம் இதற்கு நேரெதிர். ஆண்டில் பெய்யும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டரில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. வெளிச்சம் குறைந்து ஈரம் கூடும் மூன்று மாதம். மாடியில் இருப்பவர்கள் தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரத்துண்டு ஒன்றைச் செருகிச் சாய்த்துவைத்தால் நீர் வடியும். ஜப்பானியர் செய்யும் வேலைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்ததுபோல் விடாமல் கொட்டும் நாள்களில் பால்கனிக்குள் இறக்கிவிடுவதே சரி. அந்த மாதங்களில் உரம் வேண்டாம்.

வெயிலே இல்லாத வீட்டில் விளக்கு உதவுமா? உதவும், ஓர் எல்லைவரை. இருபது வாட் வெள்ளை எல்இடி ஒன்றை மரத்துக்கு ஓரடி மேலே தொங்கவிட்டால், இரண்டடிச் சதுர இடத்தில் ஐந்தாறு ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். பகல் பன்னிரண்டு மணி நேரம் எரித்தால் இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் பதினைந்து யூனிட்டுக்குள் அடங்கும். ஊதா நிறத்தில் கண்ணைக் கூசவைக்கும் விசேஷ விளக்குக்கு மூன்று மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. ஆனால் விளக்கில் வாழ்வது இத்தியும் ஜேடும்தான். புளிக்கும் காகிதப்பூவுக்கும் அது போதாது. காசு செலவில்லாத உபாயம் ஒன்றும் உண்டு: பால்கனியின் உள்சுவருக்கும் மேல்தளத்தின் அடிப்பக்கத்துக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு. புறாவலையில் சேரும் தூசியைத் தட்டிவிடுவதும், வாரம் ஒரு முறை தட்டைக் கால்வட்டம் திருப்பிவைப்பதும் சின்ன வேலைகள், பலன் பெரிது.

வாஸ்துவையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இடத்தை முடிவு செய்வது அதுதான். குட்டை மரம் வீட்டில் இருந்தால் குடும்பம் வளராது என்பவர்கள் ஒரு பக்கம், ஜேடைத் தென்கிழக்கு மூலையில் வைத்தால் பணம் வரும் என்று விற்பவர்கள் இன்னொரு பக்கம். முதலாமவர் பேச்சைக் கேட்டால் மரம் வாங்காமல் இருப்போம், நஷ்டமில்லை. இரண்டாமவர் பேச்சைக் கேட்டால்தான் சிக்கல். அந்த மூலையில் ஜன்னல் இருக்கிறதா என்று அவர் கேட்பதில்லை.

ஆகவே போன்சாய் வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். காலை எட்டு, பத்து, பன்னிரண்டு, மதியம் இரண்டு, நான்கு மணிக்குப் பால்கனியில் வெயில் விழும் எல்லையைச் சாக்பீஸால் கோடு போடுங்கள். தரையில் ஒன்று, கைப்பிடிச் சுவர் மட்டத்தில் ஒன்று. ஆறு மாதம் கழித்து அந்தக் கோடு எங்கே போகும் என்பதையும் மேலே சொன்ன கணக்கை வைத்து ஊகித்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரம் கிடைத்தால் விரும்பிய மரத்தை வாங்கலாம். மூன்று மணி நேரம் என்றால் ஆல், காமினி, குரங்குவெற்றிலை. ஒரு மணி நேரம் என்றால் இத்தி, அதோடு ஒரு விளக்கு. அதுவும் இல்லாத வீட்டில் மாடியில் இடம் கேட்டு வாங்கும்வரை மணி பிளான்ட் போதும்.